உங்களுக்குத் தெரியுமா? 200 கண் சிப்பி... 45 நிமிட வேட்டை!

ஒரு சிப்பிக்கு எத்தனை கண்கள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டா, நான்கா? ஸ்காலப் என்கிற விசிறிச் சிப்பிக்கு 200 கண்கள் வரை உண்டு! ஓட்டின் விளிம்பு நெடுக, குண்டூசித் தலை அளவில் வரிசையாக மின்னுகின்றன. சில இனங்களில் பளிச்சென்ற நீலக் கண்கள்!

அந்தக் கண்ணுக்குள் ஒரு கண்ணாடியே இருக்கிறது! சதுரம் சதுரமான குவானின் படிகங்கள், தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கியிருக்கின்றன. பெரிய தொலைநோக்கிகளில் ஒளியைக் குவிக்கிற அதே உத்தி! இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தார் 2017இல் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

இது பாறையில் ஒட்டிக் கிடக்கிற சோம்பேறிச் சிப்பி இல்லை. நீந்தும்! இரண்டு ஓடுகளையும் படபடவென்று தட்டி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டு துள்ளி ஓடும். அப்படி ஓட்டைத் திறந்து மூடுகிற அந்த ஒரே ஒரு வெள்ளைத் தசைக்காகத்தான் உலகம் முழுக்க இத்தனை படகு, இத்தனை சட்டம், இத்தனை சண்டை!

ஷெல் பெட்ரோல் பங்க்கில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சிப்பி இருக்கிறதே, அது இதேதான். 1904 முதல் அந்தக் கம்பெனியின் அடையாளம்!

அமெரிக்காவில் அதிகப் பணம் பார்க்கும் மீன்பிடித் துறைமுகம் எது? மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு! 20 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த முதலிடத்தை வேறு யாருக்கும் அது விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயில் கொழித்த ஊர், இப்போது சிப்பியில் கொழிக்கிறது!

2019இல் அந்தத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கின் மதிப்பு சுமார் 45 கோடி டாலர். அதில் ஸ்காலப்பின் பங்கு எவ்வளவு தெரியுமா? 84 சதவீதம்!

இத்தனைக்கும் 1990களில் அங்கே ஸ்காலப் தொழில் கிட்டத்தட்ட கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்க் என்ற கடல்மேட்டில் பெரிய பெரிய பகுதிகளை அரசு இழுத்து மூடியது. யாருக்காக? காட், ஹேடாக் மீன்களுக்காக! ஸ்காலப்பை அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நான்கே ஆண்டுகள்! 1998இல் பார்த்தால், மூடிய பகுதிகளுக்குள் ஸ்காலப்பின் மொத்த எடை 14 மடங்கு! மீனுக்குப் போட்ட பூட்டு சிப்பிக்குப் புதையலாகிவிட்டது!

அந்தப் புதையலை எண்ணியது எப்படி? மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் ஸ்டோக்ஸ்பரி குழு 1999இல் இரும்புச் சட்டத்தில் கேமராவைக் கட்டிக் கடலடியில் இறக்கியது. ஒவ்வொரு சிப்பியாகப் படத்தில் எண்ணினார்கள்! படகு கொடுத்தவர்கள் மீனவர்களே!

2004இலிருந்து அங்கே முறைவைத்துத்தான் மீன்பிடிப்பு. குஞ்சுச் சிப்பிகள் மண்டிக் கிடக்கும் இடத்தை மூடிவிடுவார்கள். வளர்ந்த பிறகு திறப்பார்கள். கடலையே வயல் மாதிரி பாத்தி பிரித்துவிட்டார்கள்!

கடலடியைக் கீறிச் சிப்பியை வாருகிற இழுவைப் பையைப் பின்னுவது நூலால் அல்ல, இரும்பு வளையங்களால்! ஒவ்வொரு வளையமும் குறைந்தது 4 அங்குல விட்டம். அதற்குள் நுழைகிற சின்னச் சிப்பி எல்லாம் நழுவித் தப்பிவிடும்!

இன்னொரு விதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி! திறந்த கடலுக்குப் போகும் பெரிய ஸ்காலப் படகில் 7 பேருக்கு மேல் ஏறக்கூடாது. சிப்பியை உடைத்துச் சதை எடுக்க இயந்திரம் வைக்கக்கூடாது. எல்லாம் கையால்! கத்தியை இடுக்கில் செருகி ஒரு சுழற்று. மேல் ஓடு பறக்கும். குடலைச் சுண்டிக் கடலில் எறிவார்கள். இன்னொரு வெட்டு. வெள்ளைத் தசை மட்டும் வாளியில் 'டப்'பென்று விழும். பிறகு கழுவி, துணிப் பையில் கட்டி, ஐஸில் இறக்குவார்கள். 7 பேரின் 14 கைகளால் எவ்வளவு உரிக்க முடியுமோ அவ்வளவுதான் பிடிக்க முடியும்! ஆள் எண்ணிக்கையை வைத்தே கடலுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள்!

பவுண்டுக்கு எத்தனை துண்டு நிற்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். 10க்கும் குறைவாக நின்றால் அது ராஜ ரகம். அதாவது ஒரு துண்டே 45 கிராமுக்கு மேல்!

1994இல் ஒரு முழுநேரப் படகுக்குக் கடலில் 204 நாட்கள் கொடுத்தார்கள். 2024இல் திறந்த கடலுக்கு எத்தனை நாள்? வெறும் 20! முறைவைத்துத் திறக்கும் பகுதிகளுக்குத் தனி நடை உண்டு. ஆனாலும் 204 எங்கே, 20 எங்கே!

2019இல் அமெரிக்கா கரைக்குக் கொண்டுவந்த ஸ்காலப் சதை சுமார் 6 கோடி பவுண்டு, கிடைத்தது 57 கோடி டாலர். 2021இல் பாடு 4.3 கோடி பவுண்டாகக் குறைந்தது. பணம் குறைந்ததா? 67 கோடி டாலராக ஏறியது!

ஆனால் 2023இல் பாடு 3 கோடி பவுண்டுக்கும் கீழே போய்விட்டது. நான்கு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே! இந்த எண்ணைப் பார்த்து அங்குள்ள துறைமுகங்கள் எல்லாம் கவலையில் இருக்கின்றன.

ஸ்காலப் விளையும் கடல்மேடு உலக நீதிமன்றம் வரை போயிருக்கிறது தெரியுமா? ஜார்ஜஸ் பேங்க் யாருக்கு என்று அமெரிக்காவும் கனடாவும் ஹேக் நகரில் வழக்காடின. 1984 அக்டோபர் 12இல் தீர்ப்பு. கடலில் ஒரு கோடு! ஸ்காலப் கொழிக்கும் வடகிழக்கு முனை கனடாவுக்கு! அமெரிக்கப் படகுகள் அந்தத் தீர்ப்போடு அந்த முனைக்கு விடை கொடுத்தன!

ஐந்து நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு ஒன்றைச் சர்வதேச நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே முதன்முதலாக அமைத்தது இந்த வழக்குக்குத்தான்!

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் டிக்பி என்று ஒரு சின்ன ஊர். 'உலக ஸ்காலப் தலைநகரம்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டில் ஸ்காலப் திருவிழா கூட உண்டு. யார் வேகமாக உரிப்பது என்று போட்டி வைத்து அமர்க்களப்படுத்துகிறார்கள்!

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் ஸ்காலப் எடுக்கப் போக வேண்டுமானால் முதலில் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும்! காலை 10 மணிக்குள் வெப்பநிலை 28 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறாவிட்டால் அன்றைக்குத் தொழில் கிடையாது. கிட்டத்தட்ட மைனஸ் 2 டிகிரி செல்சியஸ். காரணம்? படகில் ஏறிய குஞ்சுச் சிப்பிகளைத் திருப்பிக் கடலில் விடுவதற்குள் அவை விறைத்துச் செத்துவிடக் கூடாதே! மனிதன் நடுங்குவதற்காக இல்லை, குஞ்சு நடுங்குவதற்காக லீவு!

ஃப்ளோரிடாவில் 'விரிகுடா ஸ்காலப்' என்ற இனத்தை வியாபாரத்துக்குப் பிடிக்கவே தடை. ஆனால் குடும்பத்தோடு போய், முகமூடி மாட்டி, கடற்புல்லுக்குள் மூழ்கிக் கையால் பொறுக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 காலன் மட்டும்!

அலாஸ்காவில் நேர்மாறு. அந்தப் பிரம்மாண்டக் கடலுக்கு ஸ்காலப் உரிமங்கள் மொத்தம் 9. கடலுக்குப் போகிற படகுகள் சில ஆண்டுகளில் இரண்டே இரண்டு! அதிலும் ஒவ்வொரு படகிலும் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். 1993இலிருந்து இதுதான் வழக்கம்!

ஒரே ஒரு படகு ஒரு கடலையே மூட வைத்த கதையும் அலாஸ்காவில்தான். 1995இல் மாநில உரிமம் எதுவும் இல்லாமல் ஒரு படகு மத்திய அரசின் கடல் எல்லைக்குள் புகுந்து ஸ்காலப்பை அள்ளியது. மாநிலச் சட்டம் அங்கே செல்லாது! தடுக்க வழியில்லாமல், அலாஸ்காவையொட்டிய மத்திய அரசுக் கடல் முழுவதிலும் ஸ்காலப் பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி திறந்தது 1996இல்!

அலாஸ்கா ஸ்காலப் 28 வயது வரை வாழும். ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம்!

இப்போது பிரான்ஸுக்கு வாருங்கள். பிரிட்டனி கரையில் சான் பிரியு விரிகுடா. வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கலாம்? 45 நிமிடம்! 45 மணி இல்லை, 45 நிமிடம்! நேரம் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே சமயத்தில் இழுவையை இறக்கும். நேரம் முடிந்ததும் எல்லாம் மேலே ஏறியாக வேண்டும். விதியை மீறுகிறார்களா என்று பார்க்க வானத்தில் ஒரு விமானம் சுற்றும்! உலகத்திலேயே அழகான மீன்பிடிச் சட்டம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்!

அந்த விரிகுடாவின் சிப்பிகள் சமூகவியல் பாடத்திலும் இடம் பிடித்துவிட்டன! மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஜப்பானில் குஞ்சுச் சிப்பி வளர்க்கும் வித்தையைப் பார்த்துவிட்டு வந்து அங்கே முயன்றார்கள். அதை வைத்து மிஷேல் கலோன் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். மீனவர், விஞ்ஞானி, சிப்பி என்று எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து! சமூகவியல் மாணவர்கள் இன்றைக்கும் விழுந்து விழுந்து படிக்கும் கட்டுரை அது.

நம் கிழக்குக் கரையில் தடைக்காலம் 61 நாள். பிரெஞ்சு ஸ்காலப் மீனவர்களுக்கு மே 15 முதல் அக்டோபர் 1 வரை. நாலரை மாதம்!

ஆனால் 2018இல் பிரிட்டிஷ் படகுகளுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. விளைவு? 2018 ஆகஸ்ட் 28. நார்மண்டிக்கு அப்பால் சுமார் 35 பிரெஞ்சுப் படகுகள் 5 பிரிட்டிஷ் படகுகளைச் சூழ்ந்துகொண்டன. கல்லெறி! புகைக்குண்டு! படகோடு படகு மோதல்! அத்தனையும் சிப்பிக்காக! 'நாங்கள் காத்திருந்து வளர்த்ததை நீங்கள் வாரிக்கொண்டு போவதா?' என்கிற ஆத்திரம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

ஐல் ஆஃப் மேன் தீவில் போர்ட் எரின் பக்கம் ஒரு சின்னத் துண்டுக் கடலை 1989இல் மூடினார்கள். 2 சதுர கிலோமீட்டர்தான். 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பிடிக்கத்தக்க ஸ்காலப் வெளியே இருப்பதைவிட உள்ளே கிட்டத்தட்ட 11 மடங்கு!

ஸ்காட்லாந்தின் அரன் தீவில் அரசு இல்லை, ஊர்க்காரர்களே போராடினார்கள். 2008இல் லாம்லாஷ் விரிகுடாவில் ஒரு சதுர மைலுக்கு எதையும் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வாங்கினார்கள். போராட்டத்தை நடத்திய ஹோவர்டு வுட்டுக்கு 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது!

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறார்கள் அல்லவா? ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஸ்காலப் குளிக்கிறார்கள்! முதுகில் காற்று உருளை, கையில் வலைப்பை, பனி போன்ற தண்ணீர். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தால் உணவகங்களில் தனி மரியாதை, தனி விலை!

இனி வருவதுதான் உச்சம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் நண்டுக் கூடுகளில் சின்ன எல்இடி விளக்கு கட்டி இறக்கினார்கள். நண்டு வரும் என்று நினைத்தார்கள். வந்தது ஸ்காலப்! வரிசையில் நின்று தாமாகவே ஏறி உள்ளே போய் உட்கார்ந்திருந்தன! அந்த 200 கண்களும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டன!

சோதித்தே பார்த்துவிட்டார்கள். விளக்கு வைத்த 985 கூடுகளில் 518 ஸ்காலப். விளக்கு இல்லாத 901 கூடுகளில் எத்தனை? இரண்டு! இரண்டே இரண்டு! 2022இல் வெளியான ஆய்வு இது. இழுவையும் வேண்டாம், கடலடியைக் கீறவும் வேண்டாம்!

ஐஸ்லாந்தின் பிரெய்டாஃபியோர்டு விரிகுடாவில் 1969இல் ஸ்காலப் தொழில் தொடங்கியது. கொழித்தது. 2003இல் மூடியே விட்டார்கள்! ஒரு காரணம் ஒட்டுண்ணி. கண்ணுக்கே தெரியாத அளவு! அது வாழ்வது இரண்டு உயிர்களுக்குள் மாறி மாறி. ஒன்று ஸ்காலப், இன்னொன்று கடல் நத்தை!

நார்வேயின் வடதுருவக் கடலில் 1980களில் ஸ்காலப் வேட்டை காட்டுத்தீயாகக் கிளம்பியது. சில ஆண்டுகளிலேயே எல்லாம் காலி! சுமார் 30 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். இந்த முறை இரும்பு இழுவை இல்லாத புதுக் கருவியோடு!

'வறுமையைப் பார்க்க வேண்டுமா? சருஃபுட்சுவுக்குப் போ!' ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசுவார்கள். ஸ்காலப்பைத் துடைத்து வழித்து எடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கிராமம் அது. 1971இல் கிராமமே துணிந்து கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பிகளைக் கடலில் விதைக்கத் தொடங்கியது. இன்றைக்கு? சராசரி வருமானத்தில் டோக்கியோவின் பணக்கார வட்டாரங்களுக்குப் பக்கத்தில் பெயர் வருகிறது! 3,000 பேர்கூட இல்லாத கிராமம்!

அங்கே கடலடியை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு பங்கில் விதைப்பு, ஒரு பங்கில் அறுவடை. விதைப்பதற்கு முன்னால் நட்சத்திர மீன்களை வாரி எறிந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அவை குஞ்சுகளைத் தின்றே தீர்த்துவிடும்!

குஞ்சுச் சிப்பிக்கு முதல் வீடு எது தெரியுமா? வெங்காய மூட்டை! முட்சு விரிகுடாவில் வெங்காயம் கட்டும் வலைப்பையைக் கடலில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் உள்ளே மொய்த்துவிட்டன. அந்தக் கண்டுபிடிப்பு இன்று உலகம் பூராவும் போய்விட்டது!

2014 டிசம்பரில் ஒரு பெரும் புயல் ஹொக்கைடோவின் சிப்பி வயல்களைப் புரட்டிப் போட்டது. அடிபட்டது ஜப்பான். விலை ஏறியது உலகம் முழுக்க!

2022இல் ஜப்பான் ஏற்றுமதி செய்த ஸ்காலப் சுமார் 9,100 கோடி யென். பாதிக்கு மேல் சீனாவுக்கு! 2023 ஆகஸ்ட் 24இல் ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீர் கடலில் இறங்கியது. அன்றே சீனா கதவைச் சாத்தியது. ஒரே நாளில்!

தேங்கிக் கிடந்த ஸ்காலப் எங்கெங்கே போனது தெரியுமா? ஓடு உரிக்க ஆள் தேடி வியட்நாம், மெக்சிகோ வரை அலைந்தார்கள். ஹொக்கைடோவின் மோரி என்ற ஊர் பள்ளிக்கூட மதிய உணவுக்கே ஸ்காலப்பைக் கொடுத்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

எல்நினோ வந்தால் பெருவின் மீனவர்கள் தலையில் கை வைப்பார்கள். 1983இல் மட்டும் பிஸ்கோ பக்கத்து மீனவர்கள் துள்ளிக் குதித்தார்கள்! தண்ணீர் சூடாகி மற்ற மீன்கள் ஓடின. விசிறிச் சிப்பியோ இன்டிபென்டென்சியா விரிகுடாவில் 60 மடங்கு பெருகியது! அறுபது!

அதே பெருவின் வடக்கே செச்சுரா விரிகுடாவில் கதை தலைகீழ். அங்கே எல்நினோ மழை ஆற்றில் வெள்ளமாக வந்து கடலில் விழுந்தால் சிப்பிகள் செத்து மிதக்கும். ஒரே நாடு, ஒரே சிப்பி. தெற்கே வரம், வடக்கே சாபம்!

அர்ஜென்டினாவின் படகோனியா ஸ்காலப் தொழில் 1996இல்தான் தொடங்கியது. அத்தனை நீளக் கடற்கரைக்கு நெடுங்காலம் நான்கே நான்கு கப்பல்கள்! உரிப்பது, சுத்தம் செய்வது, உறைய வைப்பது எல்லாம் கப்பலிலேயே! 2006இலேயே எம்எஸ்சி என்கிற நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழையும் வாங்கிவிட்டது!

நியூசிலாந்தின் செய்தி நெஞ்சை அடைக்கிறது. டாஸ்மன் விரிகுடா, கோல்டன் விரிகுடா எல்லாம் 1970களில் ஸ்காலப் கொழித்த கடல். தெற்குத் தீவின் அந்த வடமுனை முழுவதும் 2017இல் மூடப்பட்டது. குஞ்சுகளைக் கோடி கோடியாக விதைத்தும் கடைசியில் பலிக்கவில்லை!

வடக்குத் தீவில் அரசுக்கு முன்னால் முந்திக்கொண்டவர்கள் மாவோரி மக்கள்! 2020 டிசம்பரில் ஓபிடோ விரிகுடாவில் ங்காட்டி ஹெய் குலத்தார் தங்கள் மரபுப்படி 'ராஹுயி' என்கிற தடையை அறிவித்தார்கள். ஸ்காலப்பைத் தொடாதே! அரசு சட்டம் போட்டு வடக்கின் ஸ்காலப் கடல்களை அடைத்தது எப்போது? 2022இல்!

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஸ்காலப்பைக் கறிக்குழம்பில் போட்டு, மாவு உறைக்குள் வைத்துச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் கறி மசாலா வாசனையேதான்! ஹோபார்ட்டில் ஜோசப் கீன் என்பவர் 1860களில் விற்கத் தொடங்கிய கறித்தூள் அங்கே இன்றும் கடைக்குக் கடை கிடைக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய பிரம்மாண்ட வெள்ளைக் கல்லெழுத்துகள் மலைச்சரிவிலேயே நிற்கின்றன!

1982இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்து பிழைத்த விரிகுடா ஸ்காலப்கள் எத்தனை? 26! ஜாங் ஃபுசுய் என்ற விஞ்ஞானி கொண்டுவந்த அந்த 26 சிப்பிகளிலிருந்துதான் சீனாவில் ஒரு பெருந்தொழிலே முளைத்தது!

சிப்பிகள் ஓடிப்போய்விட்டன என்று ஒரு கம்பெனி சொன்னால் நம்புவீர்களா? சீனாவின் ஜாங்ஸிதாவ் தீவில் கடலடியில் விதைத்த ஸ்காலப்களில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டதாக 2014இல் அறிவிப்பு வந்தது. குளிர்ந்த நீரோட்டம்தான் காரணம் என்றார்கள். 2018இல் மறுபடியும் போச்சு! 2019இல் மறுபடியும்!

கடலுக்கடியில் போய் யார் எண்ணுவது? பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அண்ணாந்து பார்த்தது! சீனாவின் பெய்தோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் பதிவாகியிருந்த 27 படகுகளின் தடத்தை எடுத்து, எந்த நாளில் எந்தப் படகு எந்தப் பாத்தியில் இழுவை போட்டது என்று கோடு கோடாக வரைந்தார்கள். கணக்கில் காட்டிய இடம் வேறு, படகு போன இடம் வேறு! 2020 ஜூனில் கம்பெனிக்கு அபராதம், அதன் தலைவருக்குப் பங்குச் சந்தையில் ஆயுள் தடை! கடலடிச் சிப்பியின் பொய்க் கணக்கைப் பிடித்துக் கொடுத்த செயற்கைக்கோள்கள் சுற்றுவது எவ்வளவு உயரத்தில்? 20,000 கிலோமீட்டருக்கும் மேலே!